ஆறிய புண்கள்

எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. பக்கத்து அறையில் யாராவது சாக்ஸைக் கழற்றினாலும் தெரிந்துவிடும். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணை ஆராய்பவனுக்கு இது ஒரு தண்டனை. அக்கா கேலி செய்வாள்: “உனக்குப் போயி இந்த வேலையாடா? ஏதாவது செண்ட் கடையில சேர்ந்திருக்கலாம்.”

அக்காதான் என்னைப் படிக்கவைத்தவள். பள்ளி ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என்னோடே இருந்தாள். என் ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றும் அவள் கை திருத்திய பிறகே இதழுக்குப் போகும்.

என் கட்டுரைகளை இத்தனை பேர் மேற்கோள் காட்டியது எப்படி என்று இந்த விசாரணையில் கேட்டீர்கள். யாரும் படிப்பதில்லை. ஒருவன் கட்டுரைச் சுருக்கத்தின் கடைசி வரியை எடுத்துப் போடுவான். அடுத்தவன் அவனிடமிருந்து எடுப்பான். ஒருவன் மென்று துப்பியதை இன்னொருவன் எடுத்து மெல்வதுபோல. நினைத்தால் குமட்டும். ஆனாலும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அந்த மேற்கோள் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.

நான் உருவாக்கிய களிம்பு முதலில் சிலருக்கு உண்மையாகவே கேட்டது. அதை நம்பி நண்பர் ஒருவரோடு கம்பெனி தொடங்கினேன். விற்க வேண்டுமென்றால் பெரிய ஆய்வு ஒன்று வேண்டும். நடத்தினோம். பரிசோதனைக்கு வருவதைப் பாதியில் நிறுத்தியவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். எங்களிடம் வராமல் நின்றுபோனவர்களில் பாதிப்பேர், புண் அழுகி வேறு மருத்துவமனையில் காலை எடுக்கப் போனவர்கள். ஏன் வரவில்லை என்று யாருக்கும் போன் செய்யக்கூடாது என்பதுதான் நான் போட்ட ஒரே உத்தரவு. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் எழுத வேண்டிவரும். நான் பொய் எழுதுகிறவன் இல்லை.

அக்காவுக்கும் சர்க்கரை. செருப்பு கடித்த இடம் புண்ணாயிற்று. “தம்பி மருந்து இருக்கறப்ப ஊரான் மருந்து எனக்கெதுக்கு?” என்று அவளே ஆய்வில் சேர்ந்துகொண்டாள்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு நாற்றம் வந்தது. கட்டைப் பிரிக்காமலே புரிந்துவிட்டது. பிரித்தால், பெருவிரல் கறுத்திருந்தது.

“இது ஆறுற மாதிரியாடா இருக்கு?”

“ஆறும்போது அப்படித்தான்க்கா இருக்கும்.”

“எனக்கே நாறுது, உனக்கு நாறலையா? சர்ஜன்கிட்ட காட்டிடலாம்டா. விரல் போனா போகட்டும், நான் என்ன ஓட்டப்பந்தயமா ஓடப்போறேன்?”

அன்றே போயிருந்தால் விரலோடு போயிருக்கும். ஆனால் அவள் தவறாமல் பரிசோதனைக்கு வருகிறவள். ஒரே கூரைக்குக் கீழே இருப்பவளை வராமல் நின்றுவிட்டாள் என்று எழுத முடியாது. விரலை வெட்டினால் மருந்து தோற்றது என்று எழுத வேண்டும். ஆய்வு முடியும் தறுவாயில் இருந்தது.

“இது முடியட்டும்க்கா, மறுநாளே கூட்டிட்டுப் போறேன்.”

அவளுக்குப் புரியாமல் இருந்திருக்காது. “சரிடா. என்னால உன் பேப்பருக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது” என்றாள்.

காய்ச்சலோடு அந்தக் கட்டுரையின் முன்னுரையைத் திருத்தித் தந்தாள். தாளிலும் அந்த வாடை ஏறியிருந்தது. நான் அவளுடைய அறை ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, என் சாப்பாட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டேன்.

ரத்தத்தில் நஞ்சு ஏறி, ஆய்வு முடிவதற்குள் இறந்துபோனாள். அவள் விஷயத்தில் ‘பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்’ என்று எழுதினேன். அதுவும் பொய் இல்லை. அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

கட்டுரை வெளிவந்தது. களிம்பு விற்றது. என்னால்தான் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. நெருங்கியவர்களைப் பறிகொடுத்தவர்கள் தங்கள் தொழிலை எப்படித் தூக்கி நிறுத்துகிறார்கள் என்று ஒரு தொழில்முனைவு ஆய்விதழுக்கு எழுதினேன். கம்பெனி நடத்தும் பலரைப் பேட்டி கண்டேன். ஆனாலும் முதல் பக்கம் முழுக்க அக்காதான். திருத்த ஆளில்லாமல் நான் அனுப்பிய முதல் கட்டுரை. இரண்டு பிழைகள் அப்படியே அச்சாகிவிட்டன. என் மருத்துவக் கட்டுரைகள் எல்லாம் சேர்ந்தாலும் அது வாங்கிய மேற்கோள்களைத் தொடாது. முகம் தெரியாதவர்கள் படித்து அழுததாக எழுதினார்கள். நான் எழுதியதில் மனிதர்கள் உண்மையாகவே படித்தது அது ஒன்றுதான்.

கால் இழந்தவர் ஒருவர் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். ஊன்றுகோலோடு வெளியே உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தானே? வரும்போது பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவரைக் கடக்க முடிந்தது.

களிம்புக் கட்டுரையை நீக்கிவிடுங்கள். கம்பெனியையும் மூடுங்கள். வராமல் நின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். அக்காவைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த இன்னொரு கட்டுரையை மட்டும் தொடாதீர்கள். இன்று காலை இங்கே கிளம்புமுன் பார்த்தேன், மேற்கோள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. கூடப்பிறந்தவளைப் பறிகொடுத்தவன் மனம் நொந்து எழுதியது அது.