அரை நிமிஷம் ஓடுன மெஷின்

ஆமா தம்பி, இந்த ஜூஸ் மெஷின ஓட்டிப் பாத்தோம். இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே. ஒரே ஒரு தடவ, அதுவும் அரை நிமிஷம். உள்ள செவப்பா ஒட்டியிருக்கறது தர்பூசணி, வேற ஒண்ணும் இல்ல. நான் கழுவித்தான் வைக்கப் பாத்தேன். பக்கத்து வூட்டுப் பொண்ணு ரிஃப்காதான், கழுவாதீங்க மாமி, கழுவுனா ஓட்டுனதுன்னு கண்டுபுடிச்சு ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்கன்னா. இப்ப கழுவாததாலயே நீங்க கண்டுபுடிச்சுட்டீங்க. காலேஜ் படிக்கிற புள்ள பேச்சக் கேட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும்.

ஓட்டுன பொருள எடுக்கக் கூடாதுன்னு ரூல்ஸா? எந்த மவராசன் போட்ட ரூல்ஸு அது? ஓட்டிப் பாக்காம வேணுமா வேணாமான்னு எப்பிடித் தெரியும்? எங்க தெருவுல புதுச் சேலைய வரவழைச்சு, கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போயி, பிரியாணி வாசத்தோட மடிச்சுத் திருப்பி அனுப்புறாளுவ. அதெல்லாம் வாங்கிட்டுத்தான போறீங்க? நான் உண்மையச் சொன்னதுதான் குத்தமாப் போச்சு.

சரி, நின்னுக்கிட்டே பேசாதீங்க. அந்தச் சேர இழுத்துப் போட்டு உக்காருங்க. சட்டையில இனியவன்னு போட்டிருக்கே, அதான் பேரா? குத்தாலம் கூரியர் ஆபீசுலேர்ந்தா வர்றீங்க இந்த வெயில்ல? மேட்டூர் தொறந்து தண்ணி வந்துருச்சுன்னு டிவில பூவெல்லாம் தூவிக் காட்டுனாங்க. எங்க வாய்க்கால்ல இன்னமும் பாட்டிலுதான் வருது.

என்னது, காரணம் போடணுமா? படிங்க, என்னென்ன இருக்குன்னு கேப்போம். உடைஞ்சு வந்துச்சு. இல்லப்பா, பூ மாதிரி வந்துச்சு. தப்பான பொருள் வந்துச்சு. அதுவும் இல்ல. தரம் சரியில்ல. சேச்சே, அந்த மெஷினக் குத்தம் சொன்னா என் நாக்கு அழுகிப் போவும். அப்புறம்? மனசு மாறிடுச்சா? மனசு மாறல. ஒலகத்துல ஒரு பொருளத் திருப்பிக் குடுக்க இந்த நாலு காரணந்தானா? செத்த இருங்க, யோசிச்சுச் சொல்றேன். அதுக்குள்ள ஒரு ஜூஸ் போட்டுத் தரேன்.

ஏன் சிரிக்கிறீங்க? ஜூஸ் மெஷினத் திருப்பிக் குடுக்குறவ ஜூஸ் போட்டுத் தரேங்கறாளேன்னா? மெஷின் இல்லாமத்தான் போடப் போறேன். மெஷின் கண்டுபுடிக்கறதுக்கு முன்னாடி ஜனங்க பழத்தப் பாத்துட்டுச் சும்மாவா இருந்தாங்க? இந்தா, இந்தச் சட்டியப் பாருங்க. அன்னாசிப்பழம். தோல் சீவி, தேங்கா துருவுற அருவாமனையிலயே துருவி, ஒரு சிட்டிக உப்பு, ரெண்டு கரண்டி சீனி போட்டு மூடி வச்சேன். அவ்வளவுதான் வேல. அது பாட்டுக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருக்கும். கால் மணி நேரங் கழிச்சுத் தொறந்தா பாதிச் சட்டி சாறு. இதத் துணியில கொட்டி முறுக்கணும். மூஞ்சியச் சுளிக்காதீங்க, வேட்டித் துணி இல்ல, கடையில வாங்குன புது மல் துணி, வெந்நீர்ல அலசுனது. நீங்க ரோட்டுக் கடையில குடிக்கிறீங்களே, அந்த ஐஸு எங்கேர்ந்து வருதுன்னு தெரியுமா உங்களுக்கு?

மணி என்ன ஆவுது? ரெண்டே காலா? சரி.

யாரு சொல்லிக் குடுத்ததுன்னா, எங்க வூட்டுக்காரருதான். பத்தொம்பது வருஷம் ஷார்ஜாவுல ஜூஸ் கடையில வேல. லீவுல வர்றப்பல்லாம் மேனேஜர்னு சொல்லிக்குவாங்க. இந்தத் தெருவுலேர்ந்து வெளிநாட்டுக்குச் சபுரு போன அத்தன பேரும் மேனேஜருதான். அப்ப அங்க பாத்திரம் யாருதான் கழுவுறாங்கன்னு ஒரு நாள் கேட்டேன், அஞ்சு நாள் பேசல. இங்க வந்தா ஒரு எலுமிச்சம்பழத்தக்கூடப் புழிய மாட்டாங்க. அங்கதான் புழியறேன்ல, இங்கயுமாம்பாங்க. ஆனா வாயால மட்டும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. சாத்துக்குடிய வெட்டுறதுக்கு முன்னாடி தரையில போட்டு உள்ளங்கையால நாலு உருட்டு உருட்டு. கொய்யாவ வேக வச்சு சல்லடையில தேய். தர்பூசணிக்குக் கையே போதும், பிசைஞ்சு வடிகட்டு. நான் செய்யணும், அவங்க குடிக்கணும். மேனேஜர் இல்லையா.

இல்ல, இப்ப இங்கதான் இருக்காங்க. எட்டு மாசமாச்சு வந்து. அந்தா, கொல்லையில முதுகு தெரியுது பாருங்க, அவங்கதான். கூப்புட்டா வர மாட்டாங்க. வந்தா நீங்க கை குடுப்பீங்க. அதுக்குப் பயந்துக்கிட்டு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கே கடைசியாப் போயி மொதல்ல வந்துடறாங்க. தொழுது முடிச்சா ஒருத்தருக்கொருத்தர் கை குடுக்கறது எங்க வழக்கம். வலது கையில இவங்களுக்கு மூணு வெரல் இல்ல.

கடை ஷட்டரு. எறக்குறப்ப மாட்டிக்கிச்சுன்னாங்க. பத்தொம்பது வருஷம் ஊருக்கே புழிஞ்சு குடுத்த மனுஷன் ஒரு தகரத்துக்கிட்ட தோத்துப் போயிட்டு வந்து நிக்கிறாரேன்னு சிரிக்கறதா அழுவறதான்னே தெரியல எனக்கு. எனக்கு அதச் சொல்லவே இல்ல தம்பி. ரெண்டு மாசமா வீடியோ கால்ல மூஞ்சிய மட்டுந்தான் காட்டுனாங்க. நெத்தியும் மூக்குந்தான் தெரியும். நான் கூட, என்னங்க, பாஸ்போர்ட்டுக்கா போட்டோ எடுக்கறீங்கன்னு கேலி பண்ணேன். ஏர்போர்ட்டுல எறங்குனப்பதான் பாத்தேன்.

அத விடுங்க. வந்ததுக்கப்புறம் பண்ணுன அலப்பறை இருக்கே. வூட்டுல மிக்ஸி போடக் கூடாது. தலைய வலிக்குதாம். ஒரு மொளகா அரைக்கணும்னா ஜாரத் தூக்கிக்கிட்டு நான் பக்கத்து வூட்டு ரிஃப்காவோட அம்மா பர்வின்கிட்டப் போவணும். அவ மிக்ஸி போட்டாக்கூட இவங்க எந்திரிச்சுக் கொல்லைக்குப் போயிடுவாங்க. நான் சும்மா இருப்பேனா? துரைக்கு ஏசியில இருந்த காது, நம்ம வூட்டு மிக்ஸி சத்தம் ஆவலன்னு தெருவுக்கே சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். பர்வினும் நானும் இவங்க மாதிரியே நடிச்சுக் காட்டி அப்பிடிச் சிரிப்போம். எட்டு மாசம்.

போன் அடிச்சுச்சா? உங்களுதா. சரி சரி, பேசுங்க.

இப்ப மாம்பழம். இதுக்குக் கத்தி வைக்கக் கூடாது. நாரு இருக்கற நாட்டுப் பழமாப் பாத்து, கைக்குள்ள வச்சு நாலாப்பக்கமும் அமுக்கி அமுக்கி உருட்டணும். உள்ள கொழகொழன்னு ஆனதும் காம்பக் கிள்ளிட்டு ஒரு அமுக்கு. பாத்தீங்களா? கொட்டையையும் வழிச்சுட்டு, மத்தால கடைஞ்சு, அந்த அன்னாசித் தண்ணிய ஊத்துனா முடிஞ்சுது. மெஷின்ல போட்டா நுரைதான் பாதி. இந்தாங்க, குடிங்க. ஐஸ் கெடையாது, பானைத் தண்ணிதான். எப்பிடி இருக்கு? அப்பிடிச் சொல்லுங்க.

மெஷின அனுப்புனது எங்க மவன் ஃபாஜிலு. அவனும் ஷார்ஜாதான், போயி நாலு மாசமாச்சு. அதே கடைதான். ஓனரு ஜாஃபர் சாதிக் எங்க ஊருக்காரரு, தங்கமான மனுஷன்னு பேரு. உங்க கை இப்பிடி ஆயிடுச்சு, உங்க எடத்துக்கு மவன அனுப்புங்க அண்ணேன்னு அவரே விசா குடுத்தாரு. தெருவே மெச்சுச்சு. நான் சட்டி நெறைய வட்டலப்பம் பண்ணி அவங்க வூட்டுக்குக் கொண்டுட்டுப் போயி, உங்க புள்ளைங்க நல்லாருக்கணும்னு கண்ணு கலங்கச் சொல்லிட்டு வந்தேன். இவங்க மட்டும் என்கூட வரல. பயலு பெட்டி கட்டுறப்ப, கவுண்ட்டர விட்டு நகராத, காசு வாங்கிப் போடறதோட நில்லு, சத்தியம் பண்ணுன்னு கையப் புடிச்சுக்கிட்டாங்க. ஊரு ஒலகத்துல அத்தா மாருங்க மவன் மேல போவணும்னு சொல்லி அனுப்புவாங்க, நம்மாளப் பாரு, நகராதேங்கறாருன்னு அதுக்கும் சிரிச்சேன்.

இந்தா போட்டோ பாருங்க, மூணு நாள் முன்னாடி அனுப்புனான். கை ஈரம், நீங்களே பெரிசாக்கிப் பாருங்க. தொப்பி, ஏப்ரனு, பின்னாடி ஆளு ஒசரத்துக்குப் பச்சைக் கலர்ல மெஷினு. அதும்மேல கையப் போட்டுக்கிட்டு புல்லட்டு வாங்குனவன் கணக்கா நிக்கிறான். கவுண்ட்டர்லேர்ந்து மெஷினுக்குப் போட்டுட்டாங்கம்மா, ப்ரமோஷன், அத்தாகிட்ட இப்ப சொல்லாத, அந்தச் சந்தோஷத்துல உனக்கும் ஒரு மெஷின் வருது, இனிமே கையால புழியாதன்னான். எனக்குத் தல கால் புரியல. அவன் சொன்ன மாதிரியே ரிஃப்கா அவ போன்ல ஆர்டர் போட்டா. நேத்து வந்துச்சு. அந்தப் பொண்ணே பிரிச்சு, நாலு துண்டு தர்பூசணியப் போட்டு, ஸ்விட்ச்சத் தட்டுனா.

யாருக்காவது சும்மா குடுத்துடலாமேன்னு கேக்கறீங்களா? பர்வினுக்குக் குடுத்தா சொவருக்கு அந்தாண்டேர்ந்து சத்தம் கேக்கும். பரணுல போட்டு வைக்கலாம்னா, கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும். இந்த வூட்டுல அது இருக்கக் கூடாது தம்பி. உங்க கால்ல வேணாலும் விழறேன், எடுத்துட்டுப் போயிடுங்க.

ஏன்னா, அந்தச் சத்தம் கேட்டதும் உள்ள படுத்திருந்தவங்க ஓடி வந்தாங்க. ப்ளக்கப் புடுங்குன வேகத்துல சொவத்துல இருந்த ஸ்விட்ச் பெட்டியே பேந்து வந்துருச்சு. கண்ணாடிக்குள்ள அந்தச் செவப்பு சுத்தி நின்னதப் பாத்தாங்க. அப்பிடியே கெணத்தடியில போயி உக்காந்துட்டாங்க. நான் வழக்கம்போல, என்ன துரைக்கு மறுபடியும் தலைவலியான்னுட்டே போனேன். அப்பதான் சொன்னாங்க, ஷட்டர் இல்லடீன்னு.

கரும்பு மெஷினாம். கை உள்ள போவாம இருக்க முன்னாடி ஒரு தகரம் போட்டிருக்குமாம். கூட்ட நேரத்துல கரும்பு வேகமா உள்ள போவட்டும்னு அதக் கழட்டி வச்சிருந்தாங்களாம். தங்கமான மனுஷன் ஜாஃபர் சாதிக்குதான் கழட்டச் சொன்னாராம். ஆஸ்பத்திரியில ஷட்டர்னு சொல்லுங்க அண்ணே, மவனுக்கு விசா தரேன்னாராம். உங்கிட்ட சொன்னா நீ அவனை அனுப்ப மாட்ட, அனுப்பலன்னா ஒல எப்பிடிக் கொதிக்கும்னு இவங்க முழுங்கிட்டாங்க. கவுண்ட்டர்லதான நிக்கப் போறான்னு மனசத் தேத்திக்கிட்டாங்களாம். அந்தச் சத்தத்த பத்து மாசமா ராவும் பகலும் காதுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்த மனுஷனத்தான் நான் தெருவுல நடிச்சுக் காட்டிச் சிரிச்சிருக்கேன். என் வாயக் கொண்டு போயி அம்மியில வச்சு நசுக்கலாம் போல இருந்துச்சு தம்பி.

அப்புறந்தான் நான் போட்டோவக் காட்டுனேன்.

இப்ப நீங்க பாத்தீங்களே, அதேதான். அந்தப் பச்சதான் கரும்பு மெஷினு. முன்னாடி தகரம் இல்ல, நல்லாப் பாருங்க, திருகு போட்ட ஓட்ட மட்டும் நாலு இருக்கு. நேத்துலேர்ந்து முப்பது தடவ அடிச்சுட்டேன், எடுக்கல. வேல நேரத்துல போன வாங்கி வச்சுக்குவாங்க. மத்தியானம் தொழ விடறப்பதான் கூப்புடுவான், நம்ம ரெண்டரைக்கு. நேத்து ரெண்டரைக்கும் கூப்புடல.

இப்ப சொல்லுங்க, இது உங்க நாலு காரணத்துல எதுல வரும்?

அடிக்குது. என்னுதுதான். வீடியோ காலா? அந்தப் பச்சைய அமுக்குங்க தம்பி, என் கையெல்லாம் மாம்பழம். ஏங்க, இங்க வாங்க, அவன்தான், வாங்க. அலோ, ஃபாஜிலு. கேக்குதுப்பா, கேக்குது. சிரிக்கறதெல்லாம் அப்புறம் சிரி. மெஷினா? வந்துச்சு, வந்துச்சு. டேய், மூஞ்சி இருக்கட்டும்டா. போன அங்க எதும்மேலயாவது சாத்தி வச்சுட்டுத் தள்ளி நில்லு. ரெண்டு கையையும் தூக்கிக் காட்டு.