கப்போடு எடுக்காத படம்

உணவகத்தில் கோப்பை கழுவிய வேலை பறிபோய், ஏரிக்கரையோரமாக நடந்துகொண்டிருந்தேன். முன்னால் தூண்டில்களோடு இரண்டு தமிழர்கள், கார்ப் மீன் பிடிக்கும் போட்டி முடிந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

“என்ர மீன்தான் பெரிசு, அண்ணை. பிடிச்ச உடனே வெட்டிக் கழுவிப்போட்டன். போட்டி நடத்தினவங்கள் கொலைகாரனைப் பாக்கிற மாதிரிப் பாத்தாங்கள்.”

“விசரா! உயிரோட தராசில நிறுத்துப்போட்டு, திருப்பித் தண்ணியில விடுறதுதானே போட்டி.”

“திருப்பி விடுறதுக்கு ஆரண்ணை மீன் பிடிக்கிறது? பரிசுக் கப்போட நிண்டு படம் எடுத்து மனுசிக்கு அனுப்புவமெண்டு நினைச்சன். கொழும்பில வருசக்கணக்கா விசாவுக்குக் காத்திருக்கிறாள். உங்கட முகம் மறந்துபோகுதெண்டு எழுதியிருந்தாள்.”

“நல்லா வெட்டியிருக்கிறாய். வோபர்ன் பக்கம் இருக்கிற மீன்கடையில வெட்ட ஆள் தேடுகினம், போவன்.”

“கத்தியோட நிண்டோ அவளுக்குப் படம் அனுப்புறது?”

படம் அனுப்ப எனக்கு யாருமில்லை. மறுநாள் காலை அந்தக் கடையில் மீன் வெட்டச் சேர்ந்தேன்.