ஸ்டார்ட்டிங் பிராப்ளம்

அதயும் சொல்லிடறேன்ண்ணா, வாங்க வந்தவருகிட்ட எதுக்கு மறைக்கணும்? எடது பக்கக் கதவ லேசாத் தூக்கித்தான் சாத்தணும். டீசல் முள்ளு எப்பவும் பாதியிலயே நிக்கும், அத நம்பி தளி ரோட்டு மேட்டுல ஏறிடாதீங்க. மழ பேஞ்சா டிரைவர் கால்ல சொட்டும். பதிமூணு வருசத்து வேனு, புதுப்பொண்ணாட்டமா இருக்கும்?

என்னாது, ஸ்டார்ட்டிங் பிராப்ளமா? டீக்கடையில சொன்னாங்களா? சொல்லுவாங்க. உத்தனப்பள்ளியில யாரக் கேட்டாலும், இன்னாசி வண்டியா, தள்ளுனாத்தான் போகும்பாங்க.

இல்லண்ணா. அப்படி ஒரு கோளாறே இதுக்குக் கெடையாது. அந்தப் பேச்ச நான்தான் கெளப்பிவிட்டேன்.

சிரிக்காதீங்கண்ணா.

நாலு வருசம் முன்ன. கம்பெனிக்கு ஆள் ஏத்தற ட்ரிப்பு அப்பதான் கெடச்சுது. மதியானம் ரெண்டு மணி ஷிஃப்ட்டு, ஒரு நாள் லேட்டானாலும் வேற வண்டி போட்ருவேன்னு சூப்பர்வைசர் சொல்லியிருந்தான். கெளம்பப் போறேன், பக்கத்து வீட்டுத் திம்மப்பண்ணன் ஓடியாறாரு. சம்சாரம் சரிதாக்காவுக்கு எட்டு மாசம், திடீர்னு ரத்தமாப் போவுது, ஆஸ்பத்திரிக்கு எடு இன்னாசின்னாரு. வண்டி ஸ்டார்ட் ஆவலண்ணான்னுட்டேன். வாயில அதான் வந்துச்சு.

அந்த மனுசன் என்னா பண்ணாரு தெரியுமா? பின்னாடி போயி தள்ள ஆரம்பிச்சிட்டாரு. ஒத்த ஆளா, மாரியம்மன் கோயில் வரைக்கும். நான் சுவிட்ச ஆஃப்ல வெச்சுட்டு, ஸ்டியரிங்கப் புடிச்சுகிட்டு உள்ளார உக்காந்திருந்தேன். கண்ணாடியில அவரு மூஞ்சி தெரியுது.

அப்பறம் தக்காளி வண்டி ஒண்ணுல ஏத்திட்டுப் போனாங்க. அக்கா பொழச்சுகிச்சு. கொழந்த இல்ல. நான் ஷிஃப்ட்டுக்குக் கரெக்ட்டாப் போய்ச் சேந்தேன்ண்ணா.

சர்ச்சு ஃபாதர்கிட்டகூட இதச் சொன்னதில்ல. நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாவலாம் போல இருக்கு. திம்மப்பண்ணன் என்னடான்னா, நீ என்னா பண்ணுவ, வண்டி மக்கர் பண்ணிடுச்சுன்னு என்னயே தேத்துனாரு.

அதோட போச்சா? அக்காவ வீட்டுக்குக் கூட்டியாந்த மறுநாள்லேர்ந்து நான் வண்டியில ஏறுனா வந்து நிப்பாரு. தள்ளட்டுமா இன்னாசிம்பாரு. பொய்யி வெளிய வந்துருமேன்னு நானும் ரெண்டு தடவ சும்மா திருப்புற மாதிரி திருப்பிட்டு, தள்ள விட்டுட்டேன். நாலு வருசமா தெனமும் தள்ளறாருண்ணா. மூட்டுவலி வேற. அதுக்குத்தான் விக்கறேன், கதவுக்காவ இல்ல.

அதோ, நம்ம சத்தம் கேட்டு வந்துட்டாரு பாருங்க, துண்டத் தலையில கட்டிகிட்டு. இந்தாங்க சாவி. எனக்குக் கை வரல. அவரு வண்டியில கை வெக்கறதுக்குள்ள நீங்களே ஒருக்கா திருப்புங்கண்ணா.