சத்தம் போடாமல் நகர்ந்த வீடு

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஊர் மன்றத் தலைவர் தோன் எராக்லியோ அவர்களே! நரைத்த தலையோடும் நரைக்காத மனத்தோடும் முன்வரிசையை விளங்க வைத்திருக்கும் பெரியவர்களே! விடிந்ததிலிருந்து குழி தோண்டி, கல்லைக் காய வைத்து, சிப்பியும் கறியும் கிழங்கும் அடுக்கி, புகையில் கண் கலங்கி நிற்கும் தாய்மார்களே! மாடு பூட்டும் மறவர்களே! அலையில் இறங்கிப் பாசி அள்ளும் அரிவையரே! யாரும் அழைக்காமலே வந்து நாற்காலிகளுக்கு அடியில் இடம் பிடித்திருக்கும் நாலுகால் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தே காலம் கழித்த இந்த ஒரியானாவின் பணிவான வணக்கம்.

கை தட்டாதீர்கள்!

வேண்டாம். தட்டப் போன கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மரியாதை தெரியாதவள் என்று முணுமுணுக்கிற பின்வரிசைக்காரரே, கொஞ்சம் பொறுங்கள். காரணம் கடைசியில் வரும். இன்று இந்த மேடையில் யார் என்ன பேசினாலும் கைதட்டல் கிடையாது, விசில் கிடையாது, வேட்டு கிடையாது. சிரிப்பு வந்தால் சிரிக்கலாம், ஆனால் பல்லுக்குள்ளேயே சிரியுங்கள்.

அன்பு மிக்கவர்களே! இந்த மேடைப் பலகைகளைத் தாங்கி நிற்பவை என்ன கட்டைகள் தெரிகிறதா? சென்ற ஆண்டு இதே நாளில் எடூலியாவின் வீட்டுக்கு அடியில் கொடுத்து, மாடு பூட்டி இழுத்தோமே, அதே சறுக்குக்கட்டைகள். அந்த வீடு இதோ என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. வீட்டுக்கு உரியவரோ மேடைக்கு வரமாட்டேன் என்று அடுப்புப் புகைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறார். ஒளியட்டும். வந்தால் நான் பேசுவதைத் திருத்திக்கொண்டே இருப்பார்.

எடூலியாவை யாருக்குத் தெரியாது? கண் போன நாய், கால் போன நாய், வால் போன பூனை, மானமே போன வாத்து, எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் அவர் வீடு. போன ஜென்மத்தில் அவர் கப்பல் ஓட்டியிருப்பார் என்பது என் கருத்து. எதைக் கண்டாலும் ஏற்றிக்கொள்கிற கை அது.

அந்த வீட்டுக்கு நியெப்லா என்ற நாய் வந்த கதையைச் சொல்லத் தகுதியுள்ளவள் நான் ஒருத்திதான், ஏனென்றால் நான் பார்த்தேன். மூடுபனி மூடிய ஒரு காலை. கார்களை ஏற்றிவரும் படகு கரையில் முட்டியது. ஒரு வண்டி இறங்கியது. கதவு திறந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு நாயை இறக்கி விட்டார்கள். கதவு மூடியது. வண்டி அங்கேயே திரும்பி, அதே படகில் ஏறிப் போய்விட்டது. நம் தீவைச் சுற்றிப் பார்க்க வந்தார்களா? இல்லை. நம் மீனைத் தின்ன வந்தார்களா? இல்லை. ஓர் உயிரைக் கழித்துவிட்டுப் போக வந்தார்கள்!

அந்த நாய் கடலைப் பார்த்து உட்கார்ந்தது. படகு வரும்போதெல்லாம் எழுந்தது, படகு போகும்போதெல்லாம் உட்கார்ந்தது. எடூலியா வந்தார். கூப்பிடவில்லை, தடவவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாதி ரொட்டியை வைத்துவிட்டு மீதியைத் தின்றார். அப்படியே பல நாள். ஒரு நாள் அது எழுந்து அவர் பின்னால் நடந்தது. ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. தூண்கள் மேல் நிற்கிற வீடுதானே நம்முடையதெல்லாம்? அடியில் புகுந்து படுத்துக்கொண்டது. கதவு என்றாலே அதற்கு நடுக்கம். கதவு தட்டும் சத்தம், கை தட்டும் சத்தம், யாராவது உரக்கக் கூப்பிட்டால்கூட உடம்பெல்லாம் உதறும்.

எடூலியா குனிந்து சொன்னாராம்:

"சரி, உள்ள வரவேணாம். இது உன் எடம். இங்கேருந்து உன்னை யாரும் எழுப்ப மாட்டாங்க. நான் சொல்றேன்ல?"

பெரியோர்களே, அந்த வாக்கை நினைவில் வையுங்கள்.

பிறகு கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. ஒரு குளிர்காலத்தில் வேலி போனது. அடுத்த குளிர்காலத்தில் கோழிக்கூண்டு போனது. துணி காயப்போட்ட கொடியும் போனது, துணியோடு. அடுத்து என்ன போகும்? வீடு போகும்! விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் எடூலியாவுக்கு அவர் அண்ணன் விட்டுச்சென்ற மேட்டு நிலம் இருக்கிறது. தரைவழியிலோ வண்டி இறங்க முடியாத பள்ளம். ஒரே வழி, கடல் நன்றாக வற்றுகிற நாளில் வீட்டையே மணல்வெளி வழியாக இழுத்துக்கொண்டு போவது.

எடூலியா வாசல் வாசலாகப் போய்க் கெஞ்சினார். அதுதானே நம் மிங்கா, கூலி இல்லாமல் ஊரே கூடிக் கைகொடுக்கிற நம் பழைய முறை? வீட்டுக்கு உரியவர் தானே வந்து கெஞ்ச வேண்டும், ஆள் விட்டுக் கெஞ்சக்கூடாது. கெஞ்சப்பட்டவர் மறுக்கக்கூடாது. வந்தவரை வயிறார அனுப்பாமல் விடக்கூடாது. மாட்டுக்காரர் தோன் ரொசாமெல் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"என் மாடு வரும். உன் நாய்ங்க வரக்கூடாது. கால்ல புகுந்து மாட்டை மிரட்டிருச்சுன்னா வீடு கவுந்துரும், ஆமா."

மிங்காவுக்கு முந்தின மாலை, வழுக்கிப் போகட்டும் என்று சறுக்குக்கட்டைகளுக்குப் பன்றிக்கொழுப்பைப் பட்டை பட்டையாகப் பூசினோம். பூசிவிட்டு ஆப்பிள் சிச்சா குடிக்கப் போனோம். நாய்களைக் கட்டிவைக்க மறந்தோம்! பசியோடு வளர்ந்த நாய்கள் இருக்கிற வீட்டில், ராத்திரி முழுக்கக் கொழுப்பைத் திறந்து வைத்த புத்திசாலிகள் நம்மைத் தவிர உலகத்தில் யார் உண்டு? காலையில் பார்த்தால் கட்டைகள் கழுவித் துடைத்தது போல இருக்கின்றன. நாய்கள் மல்லாந்து கிடக்கின்றன. அந்த வாத்துகூட ஏப்பம் விட்டது என்று சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை. கடைசியில் கிழங்கு அடை பொரிக்க வைத்திருந்த கொழுப்பைத் தாய்மார்கள் தியாகம் செய்தார்கள். அன்றைக்கு நாம் தின்றது வெறும் அவித்த அடை. இன்று வட்டியோடு பொரிகிறது, வாசம் வருகிறது பாருங்கள்.

நாய்களையெல்லாம் என் கொட்டகையில் அடைத்தோம். நியெப்லாவை மட்டும் காணோம். வீட்டைத் தூக்கிக் கட்டையில் ஏற்றிய இரைச்சலில் காட்டுக்குள் ஓடிவிட்டது என்று நினைத்தோம். எடூலியா காட்டைப் பார்த்துப் பார்த்துக் கயிறு கட்டினார்.

மாடுகள் இழுத்தன. வீடு நகர்ந்தது. ஆ, அந்த இரைச்சல்! "ஹே, துறா! இழு, கண்ணா!" என்று ஊரே கத்த, சரிவில் இறங்கி, மணலில் ஏறி, விரிகுடாவின் நட்டநடுவுக்கு வந்துவிட்டது வீடு. அப்போது பின்னால் காட்டுப் பக்கமிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று பாய்ந்து வந்தது. மாடுகளைப் பார்க்கவில்லை, மனிதர்களைப் பார்க்கவில்லை. ஓடுகிற வீட்டுக்கு அடியில், இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் புகுந்தது. அதற்கு அது வீடு. வீடு எங்கே போகிறதோ அங்கே அது போக வேண்டாமா?

ஆனால் நம் கத்தல் அதற்குத் தாங்கவில்லை. இந்தப் பக்கக் கட்டைக்கும் அந்தப் பக்கக் கட்டைக்கும் முட்டி மோதி ஓடுகிறது. ஓர் அடி தவறினால் நசுங்கிப் போகும். எடூலியா ஓடிப்போய் மாடுகளுக்கு முன்னால் நின்றார்.

"நிறுத்துங்க!"

"ஏம்மா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? தண்ணி திரும்பிருச்சு பாரு! நிறுத்தினா வீடு மணல்ல உக்காந்துரும். அப்புறம் மாடு எழுப்பாது, கடல்தான் எழுப்பும்!"

"போனா போகட்டும் தோன் ரொசாமெல். அது என் வார்த்தையை நம்பித்தானே அடியில கெடக்கு? நிறுத்துங்க."

நின்றது. சபையோரே, இருந்த ஒரே வீட்டை, ஏறிவரும் கடலுக்கு முன்னால், எவரோ கழித்துவிட்டுப் போன ஒரு நாய்க்காக நிறுத்தினார் இந்தப் பெண்மணி!

எடூலியா தவழ்ந்து அடியில் போனார். நாய் வெளியே வரவில்லை. கட்டைகளோ மணலில் புதையத் தொடங்கின. அடியிலிருந்து குரல் வந்தது.

"இது வராது. சத்தம்தான் இதுக்குப் பயம். நான் இதைப் புடிச்சுக்கிட்டு அடியிலயே குனிஞ்சு நடந்து வர்றேன். நீங்க சத்தம் போடாம ஓட்டுங்க!"

"சத்தம் போடாம மாடு ஓட்டுறதா? என் வீட்டுக்காரியே நான் கத்தினாத்தான் நகர்றா!"

அதற்குத் தோன் ரொசாமெலின் மனைவி தோன்யா புளோரிந்தா சொன்னாரே, மறக்க முடியுமா?

"நான் எப்பய்யா நகர்ந்தேன்? காது கேக்காத மாதிரி இருந்தேன். வாயை மூடிட்டு ஓட்டு!"

சிரிக்காதீர்கள், மெதுவாக, மெதுவாக! பாசி அள்ளும் பெண்கள்தான் முதலில் அசைந்தார்கள். ஒரு சொல் இல்லை. ஈரப் பாசியைக் கை கையாக மாற்றி, கட்டைகளுக்கு முன்னால் வழுவழுவென்று விரித்தார்கள். தோன் ரொசாமெல் தார்க்குச்சியைக் கீழே போட்டார். முன்மாட்டின் நெற்றியில் நெற்றியை வைத்தார். என்ன சொன்னாரோ, இன்று வரை எவருக்கும் சொல்லவில்லை. பிறகு பின்பக்கமாகவே நடக்கத் தொடங்கினார்.

மாடுகள் நகர்ந்தன!

கத்தாமல் நகர்ந்தன. குத்தாமல் நகர்ந்தன. வாழ்நாளெல்லாம் கத்தல் கேட்டே கால் வைத்த மாடுகள், அன்று கத்தாத மனிதனை நம்பிக் கால் வைத்தன. ஊரே கூடி நிற்கிறது, ஒரு குழந்தை அழவில்லை. கயிறு முனகுகிற ஓசை, மாடு மூச்சு விடுகிற ஓசை, பலகை பலகையோடு உரசுகிற ஓசை, பின்னால் கடல் வருகிற ஓசை. அவ்வளவுதான். ஜன்னலும் கூரையுமாக ஒரு முழு வீடு, தண்ணீர் பளபளக்கும் மணலில் தன் நிழல் மேலேயே மிதந்து போகிறது. அதற்கு அடியில் ஒரு பெண்ணின் இரண்டு கால்கள், ஒரு நாயின் நான்கு கால்கள். சேர்ந்து நடக்கின்றன. எவ்வளவோ பார்த்துவிட்டேன் ஐயா, ஆனால் அப்படியொன்றைப் பார்த்ததில்லை. நாம் எவ்வளவு மென்மையானவர்களாக இருக்க முடியும் என்பதை அன்றுதான் நான் கண்டேன். கரை ஏறியபோது கடல் பின்கட்டையைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

அருமை நண்பர்களே! இதையெல்லாம் ஏன் இன்று சொல்கிறேன்? நான் பேச வரவில்லை. கெஞ்ச வந்திருக்கிறேன். படகுத்துறையில் இன்றும் கதவு திறக்கிறது, இன்றும் கதவு மூடுகிறது. மழையில் கடலைப் பார்த்து உட்காருகிற உயிருக்கு ஒரு கூரை இல்லை. அங்கே ஒரு கொட்டகை கட்டப் போகிறேன். கதவு இல்லாத கொட்டகை. அடியில் படுக்கத் தோதாகத் தூண்கள் மேல் நிற்கிற கொட்டகை. வரும் சனிக்கிழமை என் மிங்கா. முறைப்படி நானே நின்று, வாய் திறந்து, உங்களைக் கெஞ்சுகிறேன். வாருங்கள். வயிறார அனுப்புகிறேன், பொரித்த அடையோடு.

வருகிறவர்கள் கை தட்டாதீர்கள். கையைத் தூக்குங்கள். ஏனென்றால் நியெப்லா இப்போது நான் நிற்கிற இந்தப் பலகைக்கு நேர் கீழே, தன் பழைய கட்டைகளுக்கு நடுவில் படுத்திருக்கிறது. இத்தனை பேர் கூடிய இடத்துக்கு அது வந்தது இதுதான் முதல் தடவை.

தூக்குங்கள்... அடேயப்பா. தாய்மார்களும். தலைவரும். தோன் ரொசாமெல், ஒரு கை போதும், இரண்டையும் தூக்கினால் போலீஸ் வந்ததென்று நினைப்பார்கள்.

பொறுங்கள். யாரும் அசையாதீர்கள். கையை இறக்காதீர்கள்.

வெளியே வருகிறது.

எடூலியா, புகையிலிருந்து வா, வந்து பார். தோன் ரொசாமெல், காலை அசைக்காதீங்க. உங்க பூட்ஸைத்தான் மோந்து பாக்குது. அழுதா அழுங்க, சத்தம் மட்டும் வரவேணாம்.

என் மக்களே, இதற்கு மேல் எனக்குப் பேச்சில்லை. இவ்வளவு நேரம் அமைதி காத்ததற்கு நன்றி. சனிக்கிழமை சந்திப்போம். மெதுவாக எழுந்து, நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்துவிட்டு, சாப்பிடப் போங்கள். வணக்கம்.