'வழக்கம்போல' என்ற சொல்லை நாங்கள் வெளியேற்றிய வாரம்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் லா மெசெட்டா காப்பிக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் டோன் ஹெர்னாந்தோ அவர்களே, ஜீப்பின் கூரையில் மூட்டைகளோடு மூட்டையாகத் தொற்றி மலையிறங்கி வந்திருக்கும் விவசாயப் பெரியோர்களே, சந்தை வேலையை ஒதுக்கிவிட்டு முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, கணினி அறையிலிருந்து வெளியே வந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கும் பொறியாளர்களே, உங்கள் எல்லோருக்கும் லியோனோர் ஆர்துந்துவாகாவின் வணக்கம்.

கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். கணவர் இருந்தபோதும், அவர் போன பிறகும், முப்பத்தெட்டு ஆண்டுகள் நோட்டரி அலுவலகத்தில் பத்திரம் சரிபார்த்தவள். இந்தச் சங்கத்தில் எனக்குக் கொடுத்த வேலையும் சிறியது: தாள்களில் பிழை திருத்துவது. அந்தச் சிறிய வேலை செய்த பெரிய காரியத்தைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

காப்பி இலையைப் படமெடுத்தால் துருநோய் உண்டா இல்லையா என்று உங்கள் கைபேசி சொல்கிறது. சொல்வது எது? பல்லாயிரம் இலைகளைப் பார்த்துப் பழகிய ஒரு மாடல். அது பிறந்தபோது யானை. சிக்னலே இல்லாத சரிவில், உங்கள் பழைய கைபேசிக்குள் யானை நுழையுமா? அதனால் அதைச் சுருக்குகிறார்கள். அதற்குள் நீண்டு கிடக்கும் எண்களை வெட்டிக் குட்டையாக்குகிறார்கள். எங்கே வெட்டலாம், எதுவரை வெட்டலாம்? இருநூறு இலைப் படங்களை மாடலுக்குக் காட்டி அளவு பார்த்து முடிவு செய்கிறார்கள். இத்தனையும் பதினோரு பக்க ஆவணமாக எழுதி வைத்திருந்தார் நம் பொறியாளர் யெசித்.

ஏப்ரலில் புதிய மாடலைச் சுருக்கியவர் மார்லெனி. நாற்பது வயதில் படித்துப் பட்டம் வாங்கி, வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமானவர். சுருக்கினார், அனுப்பினார், மழை வந்தது, மூடுபனி வந்தது. பனியில் எடுத்த படமெல்லாம் துரு! நல்ல இலையும் துரு, தளிர் இலையும் துரு! அதை நம்பி நம் விவசாயி டோன் எலியேசர் தன் தோட்டத்தில் மூவாயிரம் செடியை வெட்ட ஆள் கூப்பிட்டுவிட்டார். சிரிக்கிறீர்களே டோன் எலியேசர், அன்று நீங்கள் சிரித்தீர்களா?

அன்று காலை என் மேசைக்கு இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, பக்கத்துச் சங்கங்களுக்கு அனுப்ப வேண்டிய அந்த ஆவணம். மற்றொன்று, மார்லெனியை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். வெள்ளிக்கிழமை கையெழுத்தாக வேண்டும். இரண்டிலும் பிழை பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன்!

ஆவணத்தின் ஏழாம் பக்கம்: 'வழக்கம்போல இருநூறு படங்களை எடுத்துக்கொள்ளவும்.' அவ்வளவுதான். யாருடைய வழக்கம்? எந்த வழக்கம்? நிலப் பத்திரத்தில் 'வழக்கமான எல்லை' என்று எழுதினால் இரண்டு குடும்பம் வெட்டிக்கொண்டு சாகும். தாளைத் தூக்கிக்கொண்டு கணினி அறைக்குப் போனேன்.

"யெசித், இந்த வழக்கம்னா என்ன?"

"அட, அது எல்லாருக்கும் தெரியுமே டோன்யா லியோனோர். படங்களைச் சீட்டு மாதிரி கலைச்சுப் போட்டுட்டு எடுக்கிறதுதான்."

"கலைக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதல... கை தன்னால செஞ்சிரும்."

"உங்க கை. மார்லெனிக்கு உங்க கையா இருக்கு?"

மார்லெனி தலை நிமிராமல் சொன்னார்: "நான் கேட்டேன் டோன்யா. 'தாள்ல இருக்கு, படிச்சுக்கோங்க'ன்னாங்க. படிச்சேன். வரிசையில முதல் இருநூறை எடுத்தேன்."

அப்போது அவரே எழுந்து அந்த இருநூறையும் திரையில் விரித்தார். இருநூறும் ஒரே தோட்டம், ஒரே ஜனவரி நண்பகல், ஒரே சுள்ளென்ற வெயில்! வெயிலை மட்டும் பார்த்து அளவெடுத்த மாடலுக்கு மூடுபனி எப்படிப் புரியும்? பிழையைக் கண்டுபிடித்தவர் யார்? பிழை செய்தார் என்று பழி சுமந்தவரே!

நீக்கும் கடிதத்தைத் தலைவரிடம் எடுத்துப் போனேன்.

"என்ன டோன்யா, காற்புள்ளி விட்டுப்போச்சா?"

"'விதிமுறையை மீறியதால்'னு இருக்கு. அவங்க மீறல. எழுதினதை எழுதினபடி செஞ்சாங்க. இந்தக் கடிதம் பொய் சொல்லுது டோன் ஹெர்னாந்தோ. பொய்க்கு நான் பிழை திருத்த மாட்டேன்."

"அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள நிரூபிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா நான் கையெழுத்துப் போடுவேன்."

மூன்று நாள்! நானும் மார்லெனியும் யெசித்தும் வரி வரியாகத் திருத்தினோம். 'தேவையான அளவு' என்பதை அழித்து எண் எழுதினோம். 'சரியாக இருக்கிறதா பார்க்கவும்' என்பதை அழித்து, எது சரி, எது தவறு, தவறானால் எந்தப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதினோம். 'வழக்கம்போல' பதினான்கு இடத்தில் ஒளிந்திருந்தது. பதினான்கையும் பிடித்து வெளியே தள்ளினோம். வெயில், மழை, பனி, நிழல், ஒவ்வொன்றுக்கும் ஐம்பது படம் என்று எழுதியவர் மார்லெனி.

வியாழக்கிழமை, பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ருபியேலா என்ற கணினிக்காரரை வரவழைத்தோம். இந்த வேலையை அவர் பார்த்ததே இல்லை. கையில் தாள் மட்டும். ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. யெசித் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும்! இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் என் கண்ணைப் பார்த்து உட்கார்ந்தார். தாளை மட்டும் பார்த்து இரண்டு மணி நேரத்தில் மாடலைச் சுருக்கி முடித்தார் ருபியேலா. இடையில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இங்க காப்பி கிடைக்குமா?"

வெள்ளி விடியலில், கை நீட்டினால் விரல் தெரியாத பனியில், டோன் எலியேசரின் தோட்டத்தில் முந்நூறு இலைகளைப் படமெடுத்தோம். பழைய சுருக்கம் நூற்றுப் பதினெட்டு நல்ல இலைகளைத் துரு என்றது. புதிய சுருக்கம்? நான்கே நான்கு! தாய்மார்களே, நான்கே நான்கு! தலைவர் அதே தோட்டத்தில் நின்று அந்தக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். மூவாயிரம் செடியும் நின்றது. மார்லெனியின் பெயரும் நின்றது.

யாரது, "விருந்து இறைச்சி ஆறிப்போகுது டோன்யா" என்பது? ஆறட்டும் ஐயா. ஆறின இறைச்சியைச் சூடாக்கலாம். பறிபோன பெயரை எந்த அடுப்பில் சூடாக்குவது?

மாடலைச் சுருக்குங்கள், வேண்டிய மட்டும் சுருக்குங்கள். ஆனால் அதை எப்படிச் செய்வது என்று எழுதும் தாளைச் சுருக்காதீர்கள்! நாம் எழுதாமல் விட்டது நமக்குப் பின்னால் வருகிறவரின் குற்றமாகிறது. நம் தலைக்குள் இருப்பதைத் தாளில் இறக்கி வைப்பது எழுத்தர் வேலை அல்ல, நியாயம் செய்யும் வேலை!

இந்த வாரம் ஒன்பது சங்கங்களுக்கு இந்த ஆவணம் போகிறது. 'இதில் சந்தேகமா? இவரைக் கேளுங்கள்' என்று அதன் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும் பெயர், மார்லெனி குவேயார். எழுந்திருங்கள் மார்லெனி. கூச்சப்படாதீர்கள், நிமிர்ந்து நில்லுங்கள். சபையோரே, கைதட்டுங்கள், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்!

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்ட இளைஞர்களுக்கும் நன்றி கூறி, உங்கள் செடிகளும் பெயர்களும் செழிக்க வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.