தனசேகர் எழுதிய அந்த ஒரு வரி

மேடையில் வீற்றிருக்கும் உரிமையாளர் ராசப்பன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மஞ்சுளா அக்கா, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டித் தோழர்களே, வணக்கம். நான் அன்புச்செல்வி. அக்கா, உங்கள் கணவரிடம், மறைந்த மூத்த புரோகிராமர் தனசேகர் அவர்களிடம், ஆறு வருடம் வேலை பார்த்தவள்.

"நிறுவனத்தின் தூண்" என்று பேனர் கட்டியிருக்கிறீர்கள் ஐயா! அந்தத் தூணை எட்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டு அனுப்பியது யார்? "எல்லா ரெக்கார்டையும் அழிச்சவன்" என்று ஊரெல்லாம் சொன்னது யார்? இருந்தபோது பழி, செத்த பிறகு ஆள் உயர மாலையா?

நடந்தது என்ன? போர்வெல் போட வெளிமாநிலம் போகும் ஆட்களின் பெயரும் வீட்டு நம்பரும் நம் புரோகிராமில் இருந்தன. ஒரு வண்டியின் ஆட்களை நீக்க, வண்டி எண்ணைத் திரையில் உள்ள கட்டத்தில் போட வேண்டும். எண் இருந்தால், 'இந்த வண்டிக்கு மட்டும்' என்ற நிபந்தனையைச் சேர்த்து டேட்டாபேஸுக்குப் புரோகிராம் அனுப்பும். கட்டம் காலியாக இருந்தால்? நிபந்தனை சேராது. நிபந்தனை இல்லாத டெலீட்டுக்கு எந்த வண்டியும் ஒன்றுதான், எல்லாரையும் அழித்துவிடும்! அதனால்தான் தனசேகர் புரோகிராமில் ஒரு வரி எழுதி வைத்தார்: நிபந்தனை இல்லையா, நில்.

அந்த வரி உங்களை உறுத்தியது ஐயா. "ஏனுங்க, சும்மா சும்மா நின்னு எர்ரர் காட்டுது. எடுத்துப் போடுங்க" என்றீர்கள். அவர் மறுத்தார். அவர் லீவில் இருந்த நாளில் வரி போயிற்று. எட்டாம் நாள் யாரோ கட்டத்தைக் காலியாக விட்டுப் பட்டனை அழுத்த, அத்தனை பேரின் பெயரும் நம்பரும் அழிந்து போயின. பேக்கப் எதற்கு என்று கேட்டவரும் நீங்கள்தானே! அந்த வாரம் சத்தீஸ்கரில் கை நசுங்கிய ஆத்தூர் கந்தனின் வீட்டுக்குச் சொல்ல நம்பர் இல்லை. சேதி போய்ச் சேர மூன்று நாள் ஆனது.

விசாரித்தீர்கள். வரியை எடுத்தவர் தனசேகர் என்று கம்ப்யூட்டர் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? நாலு பேருக்கு ஒரே லாகின் கொடுத்தீர்கள், அதுவும் அவர் பெயரில்! யார் தொட்டாலும் அவர் தொட்டதாகத்தான் பதியும்.

எடுத்தது யார்? நான்! நீங்கள் பக்கத்தில் நின்று சொல்ல, இந்தக் கை எடுத்தது. அவருக்கும் அது தெரியும். அழுதுகொண்டு போய் நின்றேன். "உடு சாமி, ரெண்டு பேருக்கும் வேலை போயி என்ன ஆகப்போவுது?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை நெஞ்சு அடைத்து, அந்தப் பழியோடே போய்விட்டார். மஞ்சுளா அக்கா, என்னை மன்னிக்க வேண்டாம்.

எங்கே எழுந்துவிட்டீர்கள் ஐயா? உட்காருங்கள், முடிக்கப் போகிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் இன்று காலையே தொடங்கிவிட்டேன். அந்த வரியை மறுபடி எழுதிவிட்டேன். லாகின் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதனால் இனி யார் புரோகிராமைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படும்படி, வரிக்கு மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்: 'முன்பு இதை எடுத்தவள் அன்புச்செல்வி. எடுக்கச் சொன்னவர் ராசப்பன். தனசேகர் வேண்டாம் என்றார்.'