நோயாளர் மன்றாட்டில் திரேசா அக்காவின் பெயர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு உப்புவெளியிலிருந்து நகரத்துக்குப் போன பஸ்ஸில், முன்னிருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்:

“எனக்கு என்ன வருத்தமெண்டு நீராவது சொல்லும், றீற்றா.”

“ஏன் திரேசா அக்கா?”

“ஞாயிறு பூசையில நோயாளருக்கான மன்றாட்டில என்ர பேரை வாசிச்சவையாம். ரெண்டு பேர் தனித்தனியாத் தோடம்பழத்தோட வீட்டுக்கு வந்திட்டினம்.”

றீற்றா தேவாலய மாதர் சங்கச் செயலாளர்.

“அது என்ர லிஸ்ற் அக்கா. கோயிலுக்கு வராமல் விட்ட ஆக்களைப் போய்ச் சந்திக்கவெண்டு எழுதினனான். மாறிப்போய் மன்றாட்டுத் தாளோட சேர்ந்திட்டுது.”

“ரெண்டு வருசமா ஒருத்தரும் எட்டிப் பார்க்கேல்லை. இப்ப வந்து, எங்க நோகுதெண்டு அவ்வளவு அன்பாக் கேட்டினம்.”

“உண்மையைச் சொல்லியிருக்கலாமே?”

“சொல்ல மனம் வரேல்லை. முழங்காலெண்டு சொல்லிப்போட்டன்.”

“அப்ப இந்த ஞாயிறு வாறீங்களோ?”

“வர விருப்பம்தான். நொண்டிக்கொண்டெல்லோ வரவேணும்.”

“நொண்டுங்கோவன். எந்தக் கால்?”

“அதுதான் பிரச்சினை. ஒருத்தியிட்ட இடது, மற்றவளிட்ட வலது.”

றீற்றா கையை நீட்டினாள்.

“அப்ப என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு மெதுவா வாங்கோ. ரெண்டும் சரியா இருக்கும்.”